முயல் டூட்டி, பூனை டூட்டி

அன்பிலும் மரியாதையிலும் குறைவில்லாத சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே இரண்டு கால் உள்ளவர்களும் நான்கு கால் உள்ளவர்களும் நலம். அங்கே நீங்களும், சம்பந்தியம்மாவும், உங்கள் நாற்காலிக் கடையும், கடை வேனும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். வேனின் நலத்தைத் தனியாக விசாரிப்பதற்குக் காரணம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நீங்கள் அந்த வேனோடு வந்து, உங்கள் பெண்ணையும் என் பையனையும் இரண்டு முயல்களையும் ஏற்றிக்கொண்டு போய், உங்கள் வீட்டு மாடியில் தனிக்குடித்தனம் வைக்கப் போகிறீர்கள் என்று உங்கள் டிரைவர் சொன்னார். சொல்லும்போதே எங்கள் வாசற்கதவின் அகலத்தைக் கண்ணால் அளந்துகொண்டிருந்தார். பீரோவைப் படுக்கவைத்துத்தான் எடுக்க வேண்டும் என்று அவராகவே ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார். ஆகவே இந்தக் கடிதத்தை அவர் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். சம்பந்தி, வேன் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்.

முதலில் அந்த போன் விஷயம். போன வாரம் உங்கள் பெண் உங்களுக்கு போன் போட்டு, "அப்பா, இங்க இருக்கவே முடியலப்பா" என்று சொன்னதும், அத்தோடு லைன் அறுந்ததும், பிறகு நீங்கள் எத்தனை தடவை அடித்தும் கிடைக்காததும் உண்மைதான். நான் எதையும் மறைக்கவில்லை. ஆனால் அவள் போனில் பேட்டரி போய்விட்டது, சார்ஜர் ஒயரைச் செருகி வைத்தால்தான் அதற்கு உயிர். அவள் பேசிக்கொண்டிருக்கும்போது பொத்தான் கட்டிலுக்கு அடியில் உட்கார்ந்து அந்த ஒயரைக் கடித்துவிட்டது. கறுப்புப் பொத்தான் தைத்த மாதிரி கண்ணோடு உங்கள் வீட்டில் பரம சாதுவாக இருந்ததே, அதே வெள்ளை முயல்தான். அவள் சொல்ல வந்ததில் மீதிப் பாதி ஒயரோடு போய்விட்டது. "இங்க இருக்கவே முடியலப்பா, அவ்வளவு சந்தோஷமா இருக்கு" என்று முடிக்க வந்திருக்கலாம் அல்லவா? இதை நான் வீட்டில் எடுத்துச் சொன்னபோது என் மனைவி கையிலிருந்த கரண்டியை மேடைமேல் வைத்தாள்.

பூனையால் உங்கள் முயல்களுக்கு ஆபத்து என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எங்கள் பூனையை உங்களுக்குத் தெரியாது. அதற்கு மேனேஜர் என்று பெயர். ஒரு வேலையும் செய்யாது, எல்லார் நாற்காலியிலும் உட்காரும், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் ரவுண்ட்ஸ் வரும். உங்கள் பெண் இந்த வீட்டுக்கு வந்த அன்று கூண்டோடு முயல்களை ஹாலில் இறக்கினாளா, மேனேஜர் மெதுவாக வந்து கம்பிக்கு வெளியே மூக்கை நீட்டியது. நாடா, அந்தச் சாம்பல் குட்டி, மூலையில் சுருண்டுகொண்டது. பொத்தானோ பின்னங்காலால் தரையில் ஓங்கி ஒரு அடி அடித்தது பாருங்கள், மேனேஜர் நின்ற இடத்திலிருந்தே எகிறித் திரைச்சீலையைப் பிடித்து ஏறியது. திரைச்சீலை கம்பியோடு வந்தது. கம்பி என் தலையில் இறங்கியது. புதுமருமகள் வீட்டில் கால் வைத்த முதல் நாளில் என் நெற்றியில் இருந்த பிளாஸ்திரிக்கு இதுதான் காரணம். என் மனைவி தன் அண்ணனிடம் சொன்னபடி நான் வழுக்கி விழவில்லை.

மறுநாளே மிருக டாக்டரிடம் போனோம். பொறுமைசாலி. "ரெண்டும் பழகிடும் சார். மொதல்ல கொஞ்ச நாள் ஆள் பக்கத்துல இருக்கும்போது மட்டும் ஒண்ணா விடுங்க. முயலுக்குப் பதுங்க ஒரு இடம், பூனைக்கு ஏறி உட்கார ஒரு உசரம் வேணும். பூனைக்கு நகத்தை வெட்டுங்க. அது படுத்த துணிய இதுகிட்ட, இது படுத்த துணிய அதுகிட்ட போடுங்க, வாசனை பழகட்டும். அவசரப்படாதீங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். ஆனால் நான் பஸ் டிப்போவில் கன்ட்ரோலராக இருந்தவன். கல்யாணத்தன்று உங்களிடம் இதை இரண்டு தடவை சொன்னேன். ஒற்றை வழிச் சாலையில் எதிரும் புதிருமாக இரண்டு வண்டியை அனுப்பிவிட்டு, "பழகிடும்" என்று உட்கார்ந்திருக்க என்னால் முடியுமா? ஷிப்ட் போட்டேன். முயல் டூட்டி என்றால் ஹால் முயலுக்கு. மேனேஜர் சமையலறையில், கதவு தாழ்ப்பாள். பூனை டூட்டி என்றால் ஹால் பூனைக்கு. முயல்கள் பையன், மருமகள் படுக்கையறையில், கதவு தாழ்ப்பாள். டூட்டி மாறும்போது விசில். டிப்போவில் பிரிவு உபசாரத்தன்று எனக்குக் கொடுத்த விசில்தான், அதுவரை அலமாரியில் சும்மா கிடந்தது.

இதில் ஒரு சின்ன அசௌகரியம் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். முயல்கள் படுக்கையறையில் இருக்கும்போது உங்கள் பெண்ணும் என் பையனும் அங்கேதான் இருந்தாக வேண்டும். மேனேஜர் சமையலறையில் இருக்கும்போது என் மனைவி அங்கே இருந்தாக வேண்டும். நான் ஒருவன்தான் எல்லா ஷிப்டிலும் ஹாலில் இருந்தேன். தியாகம் என்று சொல்ல மாட்டேன். ஒருநாள் காலை உள்ளேயிருந்து கதவு தட்டும் சத்தம்.

"மாமா, நான் பல்லு தேய்க்கணும்."

"கொஞ்சம் பொறும்மா, மேனேஜர் இன்னும் ஹாலத் தாண்டல."

"எங்க இருக்கு மாமா?"

"சோபாவுல படுத்துத் தூங்குது."

"தூங்குற பூனை எப்ப மாமா தாண்டும்?"

"அது டூட்டி முடிஞ்சதும் தாண்டும்மா."

அப்போது என் பையன் உள்ளேயிருந்து, "அப்பா, ஆபீஸ்ல இன்னிக்கு எனக்கு மீட்டிங் இருக்குப்பா, ஜன்னல் வழியா குதிக்கவா?" என்றான். இதிலெல்லாம் நான் கோபப்படுவதில்லை. இரண்டாவது மாடி என்று மட்டும் ஞாபகப்படுத்தினேன்.

துணி மாற்றும் விஷயத்துக்கு வருகிறேன். உங்களிடம் நேரில் சொல்லக் கூச்சமாக இருந்தது. டாக்டர் "துணி" என்றார், எந்தத் துணி என்று சொல்லவில்லை. நல்ல காரியம், நல்ல துணியாக இருக்கட்டுமே என்று, கல்யாணத்தன்று நீங்கள் எனக்குப் போர்த்திய அந்தக் கம்பளிச் சால்வையை எடுத்தேன். ஒரு நாள் பூனைக்கு, ஒரு நாள் முயலுக்கு. பூனை அதன்மேல் படுத்தது. முயல் அதைச் சாப்பிட்டது. நடுவில் இப்போது ஒரு பெரிய ஓட்டை; சால்வையைப் போர்த்திக்கொள்வதைவிடத் தலைவழியாக மாட்டிக்கொள்வது சுலபமாக இருக்கிறது. அதற்குப் பிறகு இரண்டு துண்டுகள் வைத்தேன், நீலம் பூனைக்கு, பச்சை முயலுக்கு. வீட்டில் குளித்துவிட்டு முகம் துடைக்க வேறு நீலத்துண்டு ஒன்றும் இருந்தது என்பது என் கவனத்துக்கு வரவில்லை. அன்றைக்கு மீட்டிங்கில் என் பையன் தும்மிய தும்மலை அவன் மேலதிகாரி இன்னும் மறக்கவில்லையாம்.

நகம் வெட்டிய கதையை விட்டுவிடுகிறேன். மேனேஜருக்கு இரண்டு நகம் வெட்டினேன், மீதி நகங்களின் விவரம் என் முன்னங்கையில் இருக்கிறது. மணல் தட்டு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும். ஒருநாள் டூட்டி மாறும் நேரத்தில், மேனேஜர் காலைக்கடனுக்குப் போகும் மணல் தட்டில் பொத்தான் ஏறி உட்கார்ந்துகொண்டு இறங்கவே மாட்டேன் என்றது. மேனேஜர் அங்கேயே நின்று நின்று பார்த்தது, ஒரு தடவை ரொம்பப் பணிவாகக் கத்தியும் பார்த்தது. கடைசியில் வேறு வழியில்லாமல் முயல்களின் வைக்கோல் பெட்டிக்குப் போய்க் காரியத்தை முடித்துக்கொண்டது. யாரால் யாருக்கு ஆபத்து என்று இப்போது சொல்லுங்கள் சம்பந்தி. இத்தனை வருஷம் எங்கள் வீட்டில் தலை நிமிர்ந்து நடந்த பூனை, அன்று முதல் சுவரோரமாக நடந்தது.

இப்படிப் போய்க்கொண்டிருக்கும்போது எனக்குக் கண்ணில் புரை ஆபரேஷன் வந்தது. கண் டாக்டர், "வீட்ல மிருகம் இருக்கா? முடி, தூசி ஆகாது, ஒரு வாரம் வேற எங்கயாவது இருங்க" என்றார். தம்பி வீட்டுக்குப் போனேன். போகும்போது விசிலை மனைவி கையில் ஒப்படைத்து, டூட்டி மாற்றும் முறையை நின்று நிதானமாக விளக்கினேன். அவள் தலையாட்டிக்கொண்டே என் பையைத் தூக்கி ஆட்டோவில் வைத்தாள். ஒரு வாரம் கழித்துத் திரும்பி வந்து, கறுப்புக் கண்ணாடியோடு ஹாலில் நுழைகிறேன், பார்க்கிறேன், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்க்கிறேன். சோபாவில் மேனேஜர். அதன் தாடைக்கு அடியில் தலையைக் கொடுத்துக்கொண்டு பொத்தான். மேனேஜர் அதன் காதை நக்கி நக்கி விட்டுக்கொண்டிருக்கிறது. நாடா கீழே கால் நீட்டிப் படுத்துத் தூங்குகிறது. பயந்த முயல் அப்படிக் கால் நீட்டித் தூங்காது என்று உங்கள் பெண்ணே சொன்னாள். எனக்குக் கண்ணில் நீர் வந்தது. ஆபரேஷன் செய்த கண்ணில் மட்டுமல்ல, இரண்டு கண்ணிலும். டிப்போவில் நான் சொல்வேன், நல்ல ஷிப்ட் முறை என்றால் போட்டவன் லீவில் போனாலும் வண்டி ஓடும் என்று. கண்ணெதிரே ஓடியது.

ஆனால் சமாதானம் வந்துவிட்டது என்பதற்காக அந்தச் சமாதானத்தைக் கொண்டுவந்த முறையைக் கைவிட முடியுமா? அன்று சாயங்காலமே விசிலை வாங்கி மறுபடி ஷிப்டைத் தொடங்கினேன். மேனேஜரைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போனபோது கத்தியது. கதவுக்கு இந்தப் பக்கம் பொத்தான் காலால் தரையை அடித்தது. உள்ளே என் மனைவியும் ஏதோ சொன்னாள், கதவு மூடியிருந்ததால் சரியாகக் கேட்கவில்லை. உங்கள் பெண் உங்களுக்கு போன் போட்டது அதற்கு மறுநாள். இரண்டுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

சம்பந்தி, கடைசியாக ஒன்று. இதை எழுத யோசித்தேன், எழுதிவிடுகிறேன். உங்கள் பெண் வருவதற்கு முன்பு இந்த வீட்டில் நானும் என் மனைவியும் பேசிக்கொண்டதெல்லாம் கேஸ் தீர்ந்துவிட்டதா, மாத்திரை போட்டாச்சா, இந்த இரண்டும்தான். பையன் சாப்பிடும்போது போனைப் பார்ப்பான். நான் ஒரு டிப்போ கதையைத் தொடங்கினால் இருவரும் ஒரே நேரத்தில் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பார்கள். உங்கள் பெண் வந்த முதல் வாரம், பிரேக் பிடிக்காத வண்டியை மேட்டில் ஏற்றி நிறுத்திய கதையை நான் பாதியில் விட்டேன், பழக்க தோஷம். அவள் கையில் முயலை வைத்துக்கொண்டு, "அப்புறம் என்ன ஆச்சு மாமா?" என்று கேட்டாள். அப்புறம் என்ன ஆனது என்று எனக்கே மறந்துபோயிருந்தது, அதுவரை யாரும் கேட்டதில்லை. அந்தக் குழந்தையை வேனில் ஏற்றிக்கொண்டு போய்விடாதீர்கள். அவள் போனால் முயல் போகும், முயல் போனால் இந்த மேனேஜர் சாப்பிடாது, மேனேஜர் சாப்பிடாவிட்டால் என் மனைவி சாப்பிட மாட்டாள், பிறகு நான் யாரிடம் எதைச் சொல்வேன்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேன் வேண்டாம். நீங்களும் சம்பந்தியம்மாவும் மட்டும் சாப்பிட வாருங்கள். வரும் நேரத்தை முன்கூட்டியே சொன்னால், அது எந்த டூட்டி என்று பார்த்து வாசலில் நிறுத்தாமல் உள்ளே விடுகிறேன். உங்கள் குடும்பத்தில் எல்லாரும் நோய் நொடியின்றி, கடையில் சரக்கு தேங்காமல், கால் ஆடாத நாற்காலிகளோடு நெடுநாள் வாழ என் மனமார்ந்த வாழ்த்துகள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சம்பந்தி
(டிப்போ கன்ட்ரோலர், ஓய்வு)

பி.கு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் என் மனைவி வாங்கிப் படித்தாள். உங்கள் பெண்ணையும் கூப்பிட்டுச் சத்தமாக வேறு படித்துக் காட்டினாள். காதை நக்கும் இடத்தைக் காலை நக்கும் என்று படித்தாள், காதை என்று நான் திருத்தினேன், இருவரும் சிரிப்பை அடக்கவில்லை. பிறகு என் மனைவி, "நல்லா எழுதியிருக்கீங்க. ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. நீங்க ஏறின ஆட்டோ தெருமுனை திரும்புறதுக்குள்ள எல்லாக் கதவையும் தொறந்து விட்டுட்டோம். விசில அரிசி டப்பாவுல போட்டுட்டோம். டாக்டர் சொன்ன மாதிரி பக்கத்துல உக்காந்து பார்த்துக்கிட்டோம். ரெண்டே நாள்ல ஒட்டிக்கிச்சுங்க" என்றாள். நான் உங்கள் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "பூனைக்குப் பயந்து போகணும்னு நான் சொல்லவே இல்ல மாமா" என்றாள்.

ஆகவே மேலே எழுதியதில் ஒரு திருத்தம். வேன் வரட்டும். சின்னவர்கள் எங்கும் போகவில்லை, முயலும் போகவில்லை, பூனையும் போகவில்லை. மாற்றல் எனக்குத்தான். தினமும் காலையில் உங்கள் டெலிவரி வேன் இந்தத் தெரு வழியாகத்தான் போகிறதாமே. அதில் என்னை ஏற்றி உங்கள் கடைக்கு அனுப்பிவிட்டு, சாயங்காலம் கதை சொல்லத் திருப்பி வாங்கிக்கொள்வதாக ஏற்பாடு. யோசனை உங்கள் பெண்ணுடையது. "அப்பா கடையில கதவே கிடையாது அத்தை, ஷட்டர் மட்டும்தான்" என்று அவள் சொன்னது என் காதில் விழுந்தது.

நாளைக்கே தயாராக இருக்கிறேன். அதற்குள் ஒரே ஒரு விவரம் தெரிந்தால் உதவியாக இருக்கும்: உங்கள் கடையில் ஆட்கள் உள்ளே வருவதும் வெளியே போவதும் ஒரே வழியாகவா?