சோளத்துக்கு நடுவில் ஒரு கேரவன்

விவசாயி மகன் என்றால் மண்ணை மோந்து பார்த்தே மழை சொல்வான் என்று நகரத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையில்தான் எனக்கு வேலை கிடைத்தது. உண்மையில், களமருதூரில் எங்கப்பா என்னை வரப்பில்கூட நிற்க விட்டதில்லை. "சேத்துல நிக்க நான் ஒருத்தன் போதும், நீ போய் படி" என்பார். எங்கள் குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரி வரை படித்தேன். விவசாயம் பற்றி எனக்குத் தெரிந்தது, பரீட்சைக்கு வந்த அளவுக்குத்தான்.

கட்டில், சமையல் மேடை, கக்கூஸ், ஏசி எல்லாம் உள்ளேயே இருக்கும் கேரவன் வண்டியை வாடகைக்கு விடும் சின்ன கம்பெனி அது. வண்டியை ஓட்டுவதும், இரவு எங்கே நிறுத்தித் தங்குவது என்று இடம் பார்ப்பதும் என் வேலை. (அப்பா ஊரில் "புள்ள ஆபீசர்" என்று சொல்லி வைத்திருந்தார். ஆபீஸ் சக்கரத்தில் ஓடுவது அவருக்குத் தெரியாது.) பயிற்சிக் காலம் முடியும் நேரம். முதலாளி சொல்லிவிட்டார்: "இந்தக் கல்வராயன் மலை டிரிப்ல வர்றவங்க திருப்தியாப் போனா வேலை நிரந்தரம். இல்லன்னா வேற வேலை பாத்துக்க."

வந்தவர்கள் ஓய்வுபெற்ற தம்பதி. சார் தணிக்கை அதிகாரியாக இருந்தவர், இட்லியைக்கூடத் திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவார். மேடம் தலைமையாசிரியையாக இருந்தவர்.

இடம் பார்ப்பதற்கு இணையத்தில் படித்து நிறைய விதிகள் வைத்திருந்தேன். தரை சமமாக இருக்க வேண்டும், சக்கரம் புதையக் கூடாது, ஊருக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், ஆனால் சத்தம் கூடாது. சின்னசேலம் தாண்டி மலையைப் பார்த்துப் போகிற ரோட்டோரம், சாயங்காலம், அப்படியே இஸ்திரி போட்ட மாதிரி ஒரு சிமென்ட் தரை கிடைத்தது. எதிரே மலை. சார் மேசைமேல் தண்ணீர் டம்ளரை வைத்துப் பார்த்தார். தண்ணீர் ஒரு பக்கமும் சாயவில்லை. "பரவாயில்லியே" என்றார். மனதுக்குள் நான் நிரந்தரமாகிவிட்டேன்.

அது கதிரடித்துத் தானியம் காயப்போடுகிற களம் என்று எனக்குத் தெரியும். அவ்வளவு மோசமில்லை நான். ஆனால் எங்கள் ஊரில் நெல் அறுப்பு முடிந்திருந்தது. எங்கள் ஊரில் முடிந்தால் தமிழ்நாட்டுக்கே முடிந்தது என்று எடுத்துக்கொண்டேன். இந்தப் பக்கம் மக்காச்சோளம் என்று ஒன்று விளைவது என் விதிகளில் இல்லை.

காலையில் திரையை விலக்கினால் எங்கும் மஞ்சள். நாலா பக்கமும் சோளம் கொட்டிப் பரப்பியிருக்க, வண்டி நடுவில் தீவு மாதிரி நின்றது. பதறிப்போய் இறங்கினேன்.

"யோவ், ஷூவோட எறங்குற? துண்ற பொருளு அது."

தலையில் துண்டு கட்டிய ஒரு பெண். பெயர் அஞ்சலை. வந்த வேகத்தில் படியேறி ஷூவைக் கழற்றினேன்.

"எப்பக்கா கொட்டுனீங்க?"

"விடியறப்பவே. ஏசிய போட்டுக்கினு தூங்கிக்கினு இருந்தீங்க. எழுப்புனா பாவம்னு சுத்தி கொட்டிட்டோம்."

"மலைக்குப் போவணும்க்கா. கொஞ்சம் ஒதுக்கி வழி விட்டீங்கன்னா..."

"நான் வுடுவேன். ரோட்டுப் பக்கம் கெடக்கறது அவளுதாச்சே."

அப்போதுதான் பார்த்தேன், சோளத்துக்கு நடுவே ஒரு செங்கல் வரிசை. அந்தப் பக்கம் வேப்ப மரத்தடியில் ராணி உட்கார்ந்திருந்தாள். அஞ்சலையின் கொழுந்தன் பெண்டாட்டி. இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

"நான் எங்க தள்றது?" என்றாள் ராணி. "அந்தாண்ட ரோடு. இந்தாண்ட தள்ளுனா அவளுதோட கலந்துடும். அவளுது ஈரம், என்னுது காஞ்சது. கலந்தா வியாபாரி ரெண்டுக்கும் கம்மி வெல தான் போடுவான். அவ ஒத்துக்குவாளான்னு கேளு."

போய்க் கேட்டேன். "ஈரமா? அவளுதுல பாதி கல்லுன்னு சொல்லு" என்றாள் அஞ்சலை. போய்ச் சொன்னேன். (சொல்லியிருக்கக் கூடாது.) ராணி அஞ்சலையின் பிறந்த வீட்டைப் பற்றி ஒன்று சொன்னாள். அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தேன். மத்தியானம் வரை இதே வேலை. நான் படித்த படிப்பு முழுசாகப் பயன்பட்டது அன்றைக்குத்தான்: கேட்டதை ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தேன்.

சார் ஜன்னலில் தலையை நீட்டினார். "தம்பி, அருவி எங்க?"

"அதோ, அந்த மலைக்குப் பின்னால சார்."

"சோளத்துக்குப் பின்னாலன்னு சொல்லு."

பிறகு அவர் போனில் என் முதலாளியிடம் பேசுவது கேட்டது: "உங்க ஆளு எங்களைக் காயப் போட்டிருக்காருங்க."

என் வேலை அங்கேயே காய்ந்து போனது.

சாப்பாட்டு நேரம் தாண்டியதும் மலைமேல் கறுத்துக்கொண்டு வந்தது. இரண்டு பெண்களும் ஆளுக்கொரு மூலையில் சோளத்தைக் கூட்டி அள்ளத் தொடங்கினார்கள். தார்ப்பாய் வீட்டில் இருந்தது, சோளம் கொண்டுவந்த டிராக்டர் திரும்பிப் போயிருந்தது. ஈரக் காலோடு யாரையும் ஏற்றக் கூடாது என்பது கம்பெனி விதி. எப்படியும் வேலை போய்விட்டது, சோளமாவது மிஞ்சட்டும் என்று கதவை விரியத் திறந்தேன்.

மேடம் வாசலில் நின்று தலைமையாசிரியை ஆனார். "அஞ்சலை மூட்டை கட்டில் பக்கம். ராணி மூட்டை பாத்ரூம். கலக்கக் கூடாது." சார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மூட்டைக்கு வாய் பிடித்தார். கொட்டியது மழை.

"என்னுது மட்டும் ஏன் கக்கூசுல?" என்றாள் ராணி.

"கதவு இருக்கற ரூம் அது ஒண்ணுதாம்மா" என்றார் மேடம்.

ராணி நேராக அஞ்சலையைப் பார்த்துத் திரும்பினாள். "கேட்டியா? என்னுதுக்குக் கதவு."

"கக்கூசுக்கு இன்னாடி பெரும?" என்றாள் அஞ்சலை.

அவர்கள் நேரடியாகவே சண்டை போட ஆரம்பித்தார்கள். எனக்கு விடுதலை. களமும் காலியாகியிருந்தது. மூட்டைகளை அவரவர் வீட்டில் இறக்கிவிட்டு, மறுநாள்தான் மலையேறினோம்.

சார் முதலாளியிடம் சொன்னாராம்: "பையன் நல்லவன். ஆனா எடம் மட்டும் பாக்க விடாதீங்க." முதலாளி வண்டியின் இண்டு இடுக்கிலிருந்தெல்லாம் சோளம் பொறுக்கி முடித்த பிறகு என்னை நிரந்தரமாக்கினார். இப்போது மற்றவர்கள் இடம் பார்க்கிறார்கள். களமா, சந்தை கூடுகிற மைதானமா, தேர் ஓடுகிற தெருவா என்று விசாரித்து வேண்டாம் என்று சொல்வது என் வேலை.

போன மாதம் எனக்குப் பெண் கொடுப்பதாக ஒருவர் வீட்டுக்கு வந்தார். "பையன் இன்னா வேல பாக்கறாருங்க?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "வண்டிய எங்க நிறுத்தக் கூடாதுன்னு சொல்ற வேலைங்க. அதுல அவன அடிச்சிக்க ஆளே இல்ல."

வந்தவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு எழுந்து வெளியே போய், தன் பைக்கைத் தள்ளி நிறுத்திவிட்டு வந்தார்.