பதிவுத் தபாலில் போன சைக்கிள் சீட்டு

"உத்தரவாதக் காலத்தில் பழுதாகும் பாகத்தை, பிறர் கை படாமல், ரசீது நகலுடன் அனுப்பினால் மாற்றித் தரப்படும்." பக்கத்து வீட்டுப் பிரின்சியின் புதுச் சைக்கிளோடு வந்த அட்டையில் நான்காவது நிபந்தனை இது. அந்த அட்டையை முழுக்கப் படித்த ஒரே பிறவி நானாகத்தான் இருக்கும். (முப்பத்தைந்து வருடம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்தவனுக்கு வேறென்ன பொழுதுபோக்கு?)

பிரின்சி அப்போது பிளஸ் டூ. அவள் அம்மா ஸ்டெல்லா மீன் வியாபாரம் செய்கிறாள். ஒருநாள் சைக்கிள் சீட்டு மூக்கைத் தூக்கிக்கொண்டு ஆடத் தொடங்கியது.

"கடையில குடுத்து நேராக்கிரலாம் சாரே" என்றாள் ஸ்டெல்லா.

"கடைக்காரன் தொட்டா உரிமை போச்சு. எங்கிட்ட விடு."

அன்றே சீட்டைக் கழற்றினேன். துணியில் பொதிந்து தைத்து, அரக்கு முத்திரை வைத்து, மூன்று பக்க விண்ணப்பத்தோடு பதிவுத் தபாலில் கம்பெனிக்கு அனுப்பினேன். வேறு சீட்டு மாட்டினால் நம் தரப்பு பலவீனமாகும் என்று ஸ்டெல்லாவை எச்சரிக்கவும் செய்தேன். பதினைந்து நாளில் பதில் வந்துவிடும். அதுவரை பிள்ளை பஸ்ஸில் போகட்டும்.

வேதியியல் செய்முறைத் தேர்வன்று மண்டைக்காட்டு அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா. வந்த பஸ்ஸெல்லாம் ஆள் பிதுங்க, நிற்காமல் போயின. பிரின்சி வீட்டுக்கு ஓடிவந்து சைக்கிளை எடுத்தாள். சீட்டு இருந்த இடத்தில் வெறும் கம்பி. ஆறு கிலோமீட்டரையும் நின்றபடியே மிதித்திருக்கிறாள். நான் வாசலில் நின்று, "பைய போ மக்கா" என்று ஆலோசனை வேறு வழங்கினேன்.

சாயங்காலம் எப்படிச் செய்தாள் என்று விசாரித்தேன்.

"காலு ரெண்டும் வெடவெடன்னு ஆடிச்சு சார். கையும் நிக்கல்ல. புரெட்டுக் குழாயத் தொறந்தேன், மூடுறதுக்குள்ள சொட்டு கூடிப்போச்சு. லேசா ரோஸ் வரணும், எனக்குச் செம்பருத்தி கணக்கா வந்துட்டு" என்றவள், என் முகத்தைப் பார்த்து, "பரவாயில்ல சார்" என்றாள்.

ஸ்டெல்லா அப்படிச் சொல்லவில்லை. "படிச்சவிய சொன்னா சரியா இருக்கும்னு நெனச்சேன் சாரே. எம்பிள்ளைய அம்புட்டு தூரம் நிக்க வச்சிட்டியளே."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். விவரம் கேட்ட மெக்கானிக், "அடியில உள்ள நட்டு லூசாயிருக்கும். ரெண்டு முறுக்கு முறுக்குனா தீந்துது. சீட்ட எங்க சாரே?" என்றார்.

"தபால்ல அனுப்பிட்டேன்."

சிரிக்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. புதுச் சீட்டு மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

இன்றும் வீட்டில் ஒழுகும் குழாயை நான் சற்று உற்றுப் பார்த்தால் போதும், "அரக்கு வாங்கியாச்சா?" என்பாள் என் மனைவி. மதிலுக்கு அப்பால் ஸ்டெல்லாவின் சிரிப்பு கேட்கும். பிரின்சி மட்டும் சிரித்ததில்லை.

கம்பெனியின் பதில் வந்தது, அவள் மதிப்பெண் பட்டியலைக் காட்ட வந்த அன்று. விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறதாம். கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் பட்டியலைப் பார்த்தேன். வேதியியல் செய்முறை மதிப்பெண் இருந்த இடத்தை, என் கண்ணில் படாதபடி, அவள் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்திருந்தாள்.