சம்பந்தி காதில் உண்ணி

அரை நாள் பயிற்சி பெற்றவரைப் போல ஆபத்தானவர் உலகத்தில் இல்லை. எதுவும் தெரியாதவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். எல்லாம் தெரிந்தவர் கொஞ்சம் யோசிப்பார். நான் இடுக்கியை எடுத்தேன்.

அப்போது நான் உண்ணிக் கண்காணிப்புத் தன்னார்வலர். (சம்பளம் கிடையாது. பதவி என்று நானே சொல்லிக்கொண்டேன்.) காட்டோரப் புல்லின்மேல் வெள்ளைத் துணியை இழுத்து, ஒட்டிவரும் உண்ணியைப் படமெடுத்துச் செயலியில் ஏற்றி, குப்பியில் போட்டு அனுப்ப வேண்டும். எந்தப் பக்கம் எந்த உண்ணி, அதனால் என்ன காய்ச்சல் வரும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் பார்ப்பார்கள். நல்ல காரியம்தான். ஆனால் எனக்கு மட்டும் ஓர் உண்ணிகூட அகப்படவில்லை.

அன்றும் குற்றாலத்தில் காலையிலேயே துணியை இழுத்துவிட்டு, வெறுங்கையோடு தென்காசி வீட்டுக்கு ஓடிவந்தேன். அக்காவைப் பெண் பார்க்கப் பாவூர்சத்திரத்திலிருந்து வந்திருந்தார்கள். அக்காவுக்கு மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்துவிட்டது. இந்த வரன் தட்டிப்போகக் கூடாதே என்று அம்மா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

பஜ்ஜித் தட்டோடு சுற்றிவரும்போதுதான் பார்த்தேன். மாப்பிள்ளையின் அப்பா காய்கறி மொத்த வியாபாரி. அவர் காதுக்குப் பின்னால் கருப்பாக, உருண்டையாக, ரத்தம் குடித்து ஊதிய ஓர் உண்ணி. மனிதர் காய்ச்சலில் படுத்தால் கல்யாணம் என்னாவது? (என் குப்பி காலியாக இருந்ததும் ஒரு காரணம்.)

"அசையாதீங்க மாமா," என்றேன். இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக இழுத்தேன். பயிற்சியில் சொன்னது அப்படியே.

அவர் போட்ட சத்தத்தில் காபி டம்ளர் உருண்டது. உண்ணி மட்டும் வரவில்லை.

"நல்லா கடிச்சிப் பிடிச்சிருக்கு," என்று எல்லோருக்கும் விளக்கிவிட்டு மறுபடியும் இழுத்தேன்.

"ஏட்டி, என்ன செய்யுத?" என்று அப்பா ஓடிவந்து என் கையைப் பிடித்தார்.

"உண்ணிப்பா. விட்டா காய்ச்சல் வரும்."

"அது உண்ணி இல்லம்மா, மரு," என்றார் மாமா, காதைப் பொத்தியபடி. "எங்க கல்யாணத்துக்கு முந்தியே அங்கனதான் இருக்கு."

அக்காவின் கண் கலங்கிவிட்டது. அவள் வாழ்க்கையை என் கையாலேயே கெடுத்துவிட்டேனே என்று தலையைக் குனிந்து நின்றேன்.

மாமா எழுந்து என் அருகில் வந்தார். அடிக்கப் போகிறார் என்றே நினைத்தேன்.

"உன் பிடரில ஒண்ணு இருக்கு. இதுக்குக் காலும் இருக்கு," என்று கை நீட்டினார். "அந்த டுவீசரத் தா. எப்படிப் பிடிக்கணும்?"

"தோல ஒட்டி... நேரா இழுக்கணும் மாமா."

"அசையாத."

ஒரே இழுப்பில் வந்துவிட்டது. குப்பியில் போட்டு என்னிடம் நீட்டி, "நான் எடுத்ததுன்னு போடு," என்றார். முதலில் சிரித்தது அவர் மனைவி. அதற்குப் பிறகுதான் அம்மா தண்ணீர் குடித்தாள்.

கல்யாணம் ஜாம் ஜாமென்று நடந்தது. செயலியில் என் முதல் பதிவு என் கழுத்தில் கிடைத்ததுதான். இன்றும் நான் அக்கா வீட்டுக்குப் போனால் மாமா துண்டை எடுத்துக் காதோடு சேர்த்துத் தலையில் கட்டிக்கொள்வார். அதைப் பார்த்து வளர்ந்த அக்கா மகன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, "சித்தி, நான் அசையல," என்கிறான்.