பிள்ளையார் கழுத்து மாலை

மாலை அறுந்ததைவிட, அதன் மணிகள் ஒவ்வொன்றாக வாக்குவம் கிளீனருக்குள் கலகலவென்று போன சத்தம்தான் குலேந்திரனைக் கலங்கடித்தது.

வெள்ளிக்கிழமையும் அதுவுமாகச் சாமி அலுமாரியை வடிவாகத் துப்புரவாக்குவோம் என்று நினைத்தது ஒரு குற்றமா? பிள்ளையார் படத்தில் தொங்கிய மாலையைக் குழாய் கவ்விப் பிடித்தது. இவர் இழுத்தார். நூல் அறுந்தது. சூரியப் பதக்கம் நிலத்தில் விழுந்து இரண்டாகப் பிளந்தது.

அது சாதாரண மாலை இல்லை. மகள் சாருகா ஐந்து வயதில், பார்னஹாகே என்கிற நோர்வேப் பாலர் பள்ளியில் மற்றப் பிள்ளைகளோடு இருந்து, தானே நிறம் பூசித் தானே கோத்துக் கொண்டுவந்தது. அன்றைக்கே தாய் கமலேஸ்வரி அதைப் பிள்ளையாருக்குச் சாத்திவிட்டார்.

அந்தச் சாருகா வளர்ந்து, ஒரு நோர்வேக்காரப் பெடியனோடு சேர்ந்து வாழப்போகிறேன் என்று சொன்னபோது, இனி இந்த வாசலை மிதிக்கப்படாது என்று கத்தியவர் இதே குலேந்திரன்தான். அவளும் சொல்வழி கேட்கிற பிள்ளை. ஒரு வருசமாக மிதிக்கவில்லை.

இன்றைக்குத்தான், தாய் கெஞ்சி மன்றாடியதில், அந்தப் பெடியன் சிகுர்ட்டையும் கூட்டிக்கொண்டு சாப்பிட வருகிறாள். மன்னிப்புக் கேட்கிற பழக்கம் குலேந்திரனின் பரம்பரையிலேயே கிடையாது. ஆனால் மகள் திரும்பவும் கோபித்துக்கொண்டு போய்விட்டால் அவரால் தாங்க முடியாது. ஆகவே ஒரு திட்டம் வைத்திருந்தார். வந்ததும் அவளைச் சாமி கும்பிட அனுப்புவது. மாலையை அவள் காண்பாள். அப்பா தன்னை வெட்டி எறியவில்லை என்று தானாக விளங்கிக்கொள்வாள். இவர் வாய் திறக்கவே தேவையில்லை.

இப்போது மாலை போய், வாய் மட்டும்தான் மிச்சம்.

கமலேஸ்வரி ட்வெய்ட்டா கடைகளுக்குச் சாமான் வாங்கப் போயிருந்தார். அவர் வருவதற்குள் கோத்துவிடலாம் என்று குலேந்திரன் தூசிப் பையைக் கிழித்துப் பேப்பரில் கொட்டினார். தலைமயிர், ஊதுபத்திச் சாம்பல், போன தைப்பொங்கல் அரிசி, நடுவிலே மணிகள். பொறுக்கியெடுத்துச் சவர்க்காரம் போட்டு, ஊத்தை கழலட்டும் என்று ஒரு கோப்பை கொதிதண்ணீரில் ஊறவிட்டார்.

அந்த நேரத்தில் பதக்கத்தை ஒட்டப் போனார். பசை நல்ல பசை. பதக்கத்தின் ஒரு பாதி மேசையிலும் மற்றப் பாதி அவருடைய பெருவிரலிலும் ஒட்டிக்கொண்டது. இழுத்துப் பார்த்ததில் சூரியன் மாவாக உதிர்ந்தது.

திரும்பி வந்து கோப்பையைப் பார்த்தார். தண்ணீர் சிவப்பும் நீலமுமாக இருந்தது. மணிகள் பருத்து, வெளுத்து, மெதுமெதுவென்று கிடந்தன. ஒன்றை நசித்துப் பார்த்தார். நசிந்தது.

இத்தனை காலமும் பிள்ளையார் மக்கரோனி அணிந்திருந்தார் என்பது குலேந்திரனுக்கு அப்போதுதான் தெரியவந்தது.

பிள்ளை கையால் செய்ததை அவித்துவிட்டேனே என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு குசினி அலுமாரியில் மக்கரோனிப் பைக்கற் ஒன்றைக் கண்டதும், போன உயிர் பாதி திரும்பி வந்தது.

வீட்டில் பெயின்ற் இல்லை. மஞ்சள், குங்குமம், பீட்றூட் சாறு இருந்தன. ஒவ்வொன்றாகப் பூசினார். பிள்ளையின் பூச்சில் ஓர் அழகான தாறுமாறு இருந்தது. இவருடையது வெறும் தாறுமாறு. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இருந்த கைப்பக்குவம்கூடத் தனக்கு இல்லையே என்று நொந்துகொண்டார்.

பதக்கத்துக்கு, கமலேஸ்வரி ரொட்டிக்குக் குழைத்து வைத்த மாவில் ஒரு பிடி கிள்ளினார். சூரியனாகத் தட்டி, ஈர்க்கால் சிரிப்புக் கீறி, மக்கரோனியோடு சேர்த்து அவண் அடுப்புக்குள் தள்ளினார். கெதியாகக் காயட்டும் என்று சூட்டையும் கூட்டினார். சூரியன் வடைபோலப் பொங்கியது. மக்கரோனி கருகியது. புகை மணி அலறத் தொடங்கியது. கதிரையில் ஏறி நின்று துவாயால் விசுக்கி அதை அடக்கிவிட்டு, சூடு ஆறுமுன்பே கோத்தார். பாதி ஊசி பட்டு வெடித்தது. மிச்சத்தைப் பிள்ளையார் கழுத்தில் ஏற்றினார். அது மாலையா மிக்சரா என்று பிள்ளையாருக்கே சந்தேகம் வந்திருக்கும்.

கமலேஸ்வரி வந்தார். புகையை மணந்தார். பிள்ளையாரைப் பார்த்தார், கணவரின் பெருவிரலைப் பார்த்தார். பைகளைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

வாசல் மணி அடித்தது. சாருகா வாசலில் நின்றாள், மெலிந்திருந்தாள். பின்னால் சிகுர்ட் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். சாமியைக் கும்பிட்டுவிட்டு வாங்கோ என்று, ஏற்கெனவே பாடமாக்கி வைத்த ஒரே வசனத்தைக் குலேந்திரன் ஒப்புவித்தார்.

சாருகா அலுமாரிக்கு முன்னால் போய், மாலையைக் கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"அப்பா, இது என்ன?"

"நீ செய்த மாலை, பிள்ளை. இப்பவும் அங்கைதான்..." அதற்குமேல் பொய் வரவில்லை. "இல்லை. நீ செய்ததை நான் அறுத்துப்போட்டன். பிறகு அவிச்சும் போட்டன். உன்னை வாசல் மிதியாதை எண்டதும் நான்தான். எல்லாம் என்ரை பிழை, பிள்ளை."

பரம்பரையில் முதல் மன்னிப்பு பீட்றூட் மணத்தோடு வெளியே வந்தது. சாருகாவின் கண் கலங்கியது. அவள் தன் சுவெட்டருக்குள் கைவிட்டு, ஒரு பழைய மக்கரோனி மாலையை வெளியே இழுத்தாள்.

"என்ரை மாலை என்னட்டைத்தான் இருக்கு, அப்பா. வீட்டை விட்டுப் போன அண்டைக்கே கழட்டிக்கொண்டு போனனான்."

அப்படியென்றால் தான் அவித்தது எது? குலேந்திரன் மெல்லக் குசினிப் பக்கம் திரும்பினார். கமலேஸ்வரி கையைத் துடைத்துக்கொண்டு கதவடியில் நின்றார்.

"மாலையும் போனதைக் கண்டா நீங்கள் இடிஞ்சுபோவீங்கள் எண்டு, நான்தான் அண்டைக்கே ஒண்டு கோத்துப் போட்டனான், அவிப்பீங்கள் எண்டு ஆர் கண்டது?"