தெற்கு பார்த்த வான்

ஜெர்மனியில் தெற்கு எங்கே இருக்கிறது என்று சந்தேகமில்லாமல் தெரிந்த ஒரே தமிழர் சட்டி அண்ணைதான். சூரியன் எப்போதாவது விருந்தாளி மாதிரி வந்து போகும் டார்ம்ஸ்டாட் நகரத்தில் இது சாதாரணத் திறமை இல்லை. கண்ணைக் கட்டி, மூன்று முறை சுற்றி, ஜன்னல் இல்லாத அறையில் விட்டாலும் மூக்கை லேசாக உயர்த்தி, "அந்தா, அங்கால" என்று கை நீட்டுவார். எங்கள் மாணவர் விடுதியில் ஒரு முறை பந்தயம் கட்டிச் சோதித்தோம். தோற்றது திசைகாட்டி.

பெயர்க் காரணம் சொல்லிவிடுகிறேன். செயற்கைக்கோள் டிஷ்ஷுக்கு ஜெர்மன்காரர்கள் 'கிண்ணம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கே இருந்த ஈழத்தமிழர்கள் இன்னும் நேர்மையானவர்கள், 'சட்டி' என்று சொல்லிவிட்டார்கள். எல்லாரும் சட்டியைப் பால்கனியில் பொருத்தித் தமிழ் வானொலி கேட்டார்கள். மன்னாரிலிருந்து அகதியாக வந்த இந்த அண்ணைக்கு வாய்த்த வீட்டுக்காரர் மட்டும், கட்டடத்தின் அழகு கெட்டுவிடும் என்று மறுத்துவிட்டார். அந்தக் கட்டடத்தைப் பார்த்தவர்களுக்கு, கெடுவதற்கு அதில் என்ன மிச்சம் இருந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை. அண்ணை சண்டை போடவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினார். தன் வெள்ளை வேனின், அவர் சொல்வதுபோல் வானின், கூரையில் பொருத்தினார்.

அந்த வானில் அவர் ஃபிராங்ஃபர்ட் வரை போய் உணவகங்களின் மேசை விரிப்புகளைச் சலவைக்கு எடுப்பார், வெளுத்ததைத் திருப்பிக் கொடுப்பார். ஓடும்போது கூரையில் இருப்பது வெறும் சட்டிதான். வண்டியைத் தெற்குப் பார்க்க நிறுத்தி, மரமோ மாடியோ மறைக்காமல் இருந்தால்தான் அது வானொலி. ஆகவே அண்ணை உணவகத்துக்கு முன்னால் நிறுத்துவதில்லை, தெற்குக்கு முன்னால் நிறுத்துவார். வாசலில் ஒரு பெரிய கஷ்கொட்டை மரம் வைத்திருந்த இத்தாலிய உணவகத்துக்கு மூன்று தெரு தள்ளி நிறுத்தி, மூட்டைகளைத் தோளில் சுமந்துகொண்டு போவார். உணவகக்காரர் கையை விரித்துக் கத்துவார். அண்ணை மரத்தைக் காட்டுவார். இருவருக்கும் ஜெர்மன் சரியாக வராததால் அந்த நட்பு நீடித்தது.

மதியம் பன்னிரண்டரைக்கு மட்டும் உலகமே நிற்க வேண்டும். அப்போதுதான் மரண அறிவித்தல். "மன்னாரைப் பிறப்பிடமாகவும், பாரிஸை வதிவிடமாகவும் கொண்ட..." என்று அறிவிப்பாளரின் குரல் தொடங்கினால் அண்ணை எஞ்சினை அணைப்பார், ரொட்டியை, அவர்களுக்கு அது பாண், கடித்த வாயை அப்படியே நிறுத்துவார். பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர் என்று வரிசை முழுவதும் படித்து முடியும் வரை மூச்சே வராது. முடிந்ததும் முகம் மலரும். "இண்டைக்கும் இல்லை!" என்று சொல்லிவிட்டு மிச்சப் பாணை விழுங்குவார். முன் இருக்கையில் அவருக்கும் எனக்கும் நடுவில் வானொலிப் பெட்டி இருக்கும். சனிக்கிழமைகளில் தமிழ்க் கடைக்கு அரிசி வாங்க அவருடைய வானில்தான் போவேன். சாவுச் செய்தி கேட்டு இவ்வளவு சந்தோஷப்படும் மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

ஒரு சனிக்கிழமை பன்னிரண்டரைக்குத் தெற்கு ஒருவழிப்பாதைக்குக் குறுக்கே வந்து தொலைத்தது. அண்ணை தயங்கவே இல்லை, குறுக்கே நிறுத்திவிட்டார். போலீஸ்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார். மரண அறிவித்தல் போகிறது, ஐந்து நிமிடம் பொறுங்கள் என்பதுதான் அண்ணை சொல்ல நினைத்தது. அவருடைய ஜெர்மனில் இருந்தது இரண்டு துண்டு மட்டும்.

"செத்தது," என்றார். ஐந்து விரலைக் காட்டினார். "ஐந்து நிமிடம்."

போலீஸ்காரர் மெதுவாக வானின் பின்பக்கம் பார்த்தார். அங்கே வெள்ளைத் துணியில் சுற்றி, கயிறு கட்டி, நீள நீளமாக எட்டு மூட்டைகள் படுத்திருந்தன. அவர் கை இடுப்புக்குப் போனது. நான் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். அண்ணை மட்டும் வாயில் விரல் வைத்து, "உஷ்ஷ்ஷ்" என்று போலீஸ்காரரையே அடக்கினார். எட்டு மூட்டையையும் அவிழ்த்து மேசை விரிப்பு என்று நிரூபித்து முடிப்பதற்குள் அறிவித்தல் முடிந்திருந்தது. அண்ணை நடைபாதையில் நின்று மடித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, கடைசி ஆள் ஆர்? உமக்குக் கேட்டதோ?"

"அண்ணே, கொஞ்சம் விட்டா ஜெயில்ல போட்டிருப்பான்! அந்த லிஸ்ட்ல உங்களுக்கு என்னதான் அப்படி இருக்கு?"

அவர் ஒரு விரிப்பை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார். பிறகு சொன்னார்.

பாரிஸில் அவருடைய மூத்த அண்ணன் இருக்கிறார். தம்பியான இவர் மரியா அக்காவைக் கட்டியது அவருக்குப் பிடிக்கவில்லை. தாயார் செத்தபோது அறிவித்தல் கொடுத்தது அவர்தான். மருமக்கள் வரிசையில் இரண்டு பெயர் சொன்னார்கள். மூன்றாவது பெயர் மரியா. அதைச் சொல்லவில்லை.

"உலகம் முழுக்கக் கேக்கப் பேரை விட்டவர் தம்பி. நாலு நாள் திருப்பித் திருப்பிப் படிச்சவங்கள். மரியா குசினிக்குள்ள அடுப்படியில நிண்டு கேட்டவ. அண்டைக்கு அவரோட கதைக்கிறதை விட்டனான். ஒன்பது வருசம்."

"அப்ப அவர் பேர் வருதான்னா பாக்கறீங்க?"

"வராட்டில் ஆள் இருக்கிறார். எனக்கு அது போதும். வந்திட்டால், எந்தக் கோவம் எண்டாலும் மண் போடப் போகவேணும். அதுதான், ஒரு நாளும் கேக்காமல் விடேலாது."

அதற்குப் பிறகு பன்னிரண்டரைக்கு நானும் மூச்சை நிறுத்தப் பழகினேன்.

அந்த வருடம் வாகனப் பரிசோதனையில் கூரைச் சட்டியை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். அண்ணை விடவில்லை. "அதுக்கு ஒரு அன்ட்ராக் தாங்கோ, நிரப்பித் தாறன்" என்று கேட்டார். ஜெர்மனியில் எல்லாவற்றுக்கும் ஒரு விண்ணப்பப் படிவம் உண்டு. வான் கூரையில் சட்டி வைப்பதற்கு மட்டும் இல்லையாம்.

அதே நேரத்தில் இன்னொரு தமிழ் வானொலி வந்தது. அது வேறு செயற்கைக்கோள். ஒரு தட்டையான ஆன்டெனாவைக் கண்ணாடிக்குள் சாய்த்து வைத்தால் போதும், ஓடும் காரிலும் பாடும். ஊர் உடனே அதற்குத் 'தட்டு' என்று பெயர் வைத்தது. இப்போது அண்ணைக்கு முன்னால் இரண்டு வழி. சட்டியைக் கழற்றி வானுக்குள் வைத்து, நிறுத்தும் இடத்திலெல்லாம் இறக்கி ஒரு இரும்புக் காலில் நிறுத்துவது ஒன்று. தட்டுக்கு மாறுவது மற்றது. இரண்டையும் வைத்துக்கொள்ள மரியா அக்கா சம்மதிக்கவில்லை. "முன் சீட்டில ஒரு பெட்டி ஏற்கெனவே இருக்கு. இன்னொண்டு வந்தால் நான் பின்னால மேசைத் துணியோட மூட்டையாய்ப் படுக்கிறதோ?"

அண்ணை இரண்டு விளம்பரத் தாளையும் எடுத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார். "நீர் சட்டலைட்தானே படிக்கிறீர்? படிச்ச பிள்ளை, நீர் சொல்லும்."

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். அப்பாவும் சித்தப்பாக்களும் செங்கல் சூளை. யார் எது கேட்டாலும் படித்தவன் என்ற முறையில் பதில் சொல்லியே ஆக வேண்டும் என்று எனக்கு ஒரு வியாதி இருந்தது. இரண்டு நாள் உட்கார்ந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு, ஒரு அட்டவணை தயாரித்தேன். சிக்னல் வலிமை, ஆன்டெனாவின் எடை, மழையில் எப்படி, பாலத்துக்கு அடியில் எப்படி. 'மரண அறிவித்தல்' என்று ஒரு வரியும் போட்டு, இரண்டு பக்கமும் 'உண்டு' என்று எழுதினேன். தட்டு எல்லாவற்றிலும் ஜெயித்தது.

அண்ணை விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "எல்லாம் சரி தம்பி. பாரிஸில எங்கட அண்ணை எதைக் கேக்கிறவர் எண்டு ஒரு வரி இல்லையே."

"அது டெக்னிகல் இல்லைண்ணே."

"இல்லை, சனம் தாங்கள் கேக்கிற வானொலிக்குத்தானே அறிவித்தல் குடுக்கும். இது கேக்கிற ஆள் அதுக்குக் குடுக்காது. அவற்ற வீட்டில முந்திச் சட்டி இருந்தது. நான்தான் போய்ப் பூட்டிக் குடுத்தனான்."

"ஒன்பது வருஷம் ஆச்சு. உங்க மேல இருக்கற கோபத்துல அதை இன்னுமா வச்சிருப்பார்? பாரிஸ்ல எல்லாம் இப்ப தட்டுதான்." எனக்குப் பாரிஸைப் பற்றி எதுவும் தெரியாது.

அண்ணை அட்டவணையின் கடைசி வரியிலிருந்து விரலை எடுத்தார். "ஓம். கோவக்காரன். கழட்டி எறிஞ்சிருப்பார்," என்றார். தட்டுக்குக் கையெழுத்துப் போட்டார். என் அட்டவணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், சான்றிதழ் மாதிரி.

ஊரில் பெரிய பிரச்சினை வந்தது. இனி அவரைத் தட்டு அண்ணை என்று கூப்பிடுவதா, சட்டி அண்ணை என்றே விடுவதா என்று தேவாலயத்தில் பூசைக்குப் பிறகு ரோல்ஸ் சாப்பிட்டுக்கொண்டு இரண்டு கட்சியாகப் பிரிந்து வாதாடினார்கள். அண்ணை தீர்ப்புச் சொன்னார்: "பாஸ்போட்டில மாத்த டெர்மின் எண்டு முதலில ஒரு நாள் குறிக்கவேணும். ஆறு மாசம் ஆகும். விடுங்கோ." ஓடிக்கொண்டே கேட்கலாம் என்று ஆன பிறகும் அவர் பன்னிரண்டரைக்கு வானை நிறுத்தினார், தெற்குப் பார்க்க. அந்தத் தட்டு உள்ளங்கை அகலம்தான், எப்படி நின்றாலும் எட்டிப் பிடித்துக்கொள்ளும். இருந்தாலும் அவருக்கு அது மரியாதைக் குறைவாகப் பட்டது. ஒவ்வொரு நாளும், "இண்டைக்கும் இல்லை!"

ஒரு ஞாயிறு. ஃபிராங்ஃபர்ட்டில் மாதாந்தத் தமிழ்ப் பூசை. நான் கோயிலுக்குள் போவது ரோல்ஸுக்காகத்தான், அதை யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை. கையில் ரோல்ஸோடு நின்ற அண்ணையிடம் ஒருவர் வந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"என்ன இருந்தாலும் கூடப் பிறந்தவர். முப்பத்தோராம் நாள் பூசைக்காவது போயிருக்கலாம்."

அண்ணைக்கு விளங்கவில்லை. "ஆற்ற பூசை?"

வந்தவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "நீங்கள் கேக்கேல்லையோ? சட்டியில நாலு நாளும் படிச்சவங்களே!"

ஒருவரும் அண்ணைக்குத் தொலைபேசி எடுக்கவில்லை. ஏன் எடுக்க வேண்டும்? ஐரோப்பாவில் எவர் செத்தாலும் முதலில் தெரிந்துகொள்பவர் சட்டி அண்ணை. அவருக்கே போய்ச் செய்தி சொல்வார்களா? கேட்டிருப்பார், கோபத்தில் வரவில்லை என்று எல்லாரும் முடிவு செய்துவிட்டார்கள்.

அண்ணை ரோல்ஸை நாப்கினில் சுற்றி, மேசையில் ஓரமாக வைத்தார். வெளியே போய், சுவரைப் பார்த்து நின்றார். அது எந்தத் திசை என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் அன்று தெரிந்திருக்காது.

அடுத்த சனிக்கிழமை பாரிஸுக்குக் கிளம்பினோம். "நீரும் வாரும். வழி சொல்ல ஒரு ஆள் வேணும்," என்றார். வழி சொல்ல அவருக்கு ஆள்! பெட்டியையும் தட்டையும் கழற்றி வைத்துவிட்டதால் மரியா அக்கா முன்னால் விசாலமாக உட்கார்ந்திருந்தார். நான் பின்னால். ஆறு மணி நேரப் பயணம்.

நகரத்துக்கு வெளியே ஒரு உயரமான கட்டடம். அண்ணை வானை விட்டு இறங்கி அண்ணாந்து பார்த்தார். நான்காம் மாடிப் பால்கனியில் ஒரு பழைய சட்டி இருந்தது. விளிம்பு துருப்பிடித்திருந்தது. அண்ணை ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கட்டை விரலை நீட்டி அளந்தார்.

"அரை டிகிரிகூட அசையேல்லை," என்றார்.

மேலே அண்ணி கதவைத் திறந்தார். அழுது முடித்த முகம். தேநீர் வைத்தார். சட்டியைப் பற்றி அண்ணை கேட்கவில்லை. அண்ணி தானாகவே சொன்னார்: "பனி கொட்டினால் விடிய எழும்பி முதல் அதைத்தான் தட்டி விடுவார். ஒருத்தரையும் தொட விடமாட்டார். 'தம்பி வைச்ச கோணம், கை வையாதேங்கோ' எண்டு பேசுவார்."

பிறகு உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்து மரியா அக்காவிடம் கொடுத்தார். வானொலிக்கு அனுப்பிய அறிவித்தலின் மூலப் பிரதி. ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபடி, தன் மரண அறிவித்தலைத் தானே எழுதிவைத்திருக்கிறார் மனிதர். பிறப்பிடம், வதிவிடம், பிள்ளைகள், சகோதரர். மைத்துனிகள் வரிசையில் முதல் பெயர் மரியா. கடைசிப் பெயரும் மரியா.

"ரெண்டு தரம் எழுதிப்போட்டீங்கள், ஒண்டை வெட்டட்டோ எண்டு கேட்டனான்," என்றார் அண்ணி. "'வெட்டாதை. ஒண்டு அம்மாவின்ர அறிவித்தலுக்கு' எண்டவர். வானொலியிலயும் அப்பிடியே ரெண்டு தரம் படிச்சவங்கள்."

மரியா அக்கா தாளை மடியில் வைத்து, மடிப்பு விழாமல் கையால் தடவிக்கொண்டே இருந்தார்.

கல்லறைக்குப் போய்விட்டுத் திரும்பி வரும் வழியில், நெடுஞ்சாலை ஓர நிறுத்தத்தில் அண்ணை வானை ஒதுக்கினார். முன்னே போய், பின்னே வந்து, இரண்டு இடத்தை அடைத்துக்கொண்டு, தெற்குப் பார்க்க நிறுத்தினார். பெட்டி இல்லை, தட்டு இல்லை, சட்டி எப்போதோ நிலவறைக்குப் போய்விட்டது. மணி பன்னிரண்டரையும் இல்லை. எஞ்சினை அணைத்தார்.

"அண்ணே," என்றேன். "அந்த அட்டவணை..."

"நீர் என்ன செய்வீர்? எது கிளியர் எண்டு நான் கேட்டனான். நீர் சரியாத்தான் சொன்னீர்." சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அது இன்னும் அங்கேதான் இருந்தது. "நல்ல வடிவான எழுத்து," என்றார்.

இப்போது எனக்கு மியூனிக்கில் வேலை. சொந்தமாக ஒரு சின்னக் கார் இருக்கிறது. அதில் வானொலியே இல்லை. இருந்தும் எங்கே நிறுத்தினாலும் முன்னே பின்னே எடுத்து, பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடிக்க அடிக்க, மூக்கைத் தெற்குப் பார்க்க வைத்துவிட்டுத்தான் இறங்குகிறேன்.