வாளிக் கைப்பிடிக்குப் பத்துக்குப் பத்து

சொந்தக்காரர்களை வைத்து ஆராய்ச்சி செய்யக் கூடாது. இந்த அரிய உண்மையைக் கண்டுபிடிக்க நான் ஒரு பட்டத்தையே பணயம் வைத்தேன்.

எண்பதுகளில் வடிவமைப்புப் படித்துக்கொண்டிருந்தேன். மலேசியாவில் மந்தின் ஊருக்குப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டிலிருந்து பல்கலைக்கழகம் போன முதல் ஆள் என்ற மிதப்பு வேறு. (நடையே மாறிவிட்டதாக எஸ்டேட் லயத்து வீடுகளில் பேச்சு.) ஒரு பொருளைப் புழங்குகிறவர்களிடம் கேட்டுவிட்டு வரைவது நல்ல முறையா, அளவெடுத்து நாமாகவே வரைவது நல்ல முறையா என்பதுதான் இறுதியாண்டு ஆய்வு. ரப்பர் பால் சுமக்கும் வாளிக்குக் கைப்பிடி செய்தோம். கேட்டு வரைந்தது என்னுடையது. அளவெடுத்து வரைந்தது கூடப் படித்த வோங்குடையது. எங்கள் லயத்து ஆட்கள் இரண்டையும் தூக்கிப் பார்த்துப் பத்துக்கு மதிப்பெண் போட வேண்டும்.

முதலில் தூக்கியது அத்தை. கொஞ்ச தூரம் நடப்பதற்குள் என் கைப்பிடி கழன்று, பால் முழுவதும் அவர் காலில் கொட்டியது. சிவந்துபோன உள்ளங்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

“பத்து போட்டுக்கய்யா. வாளிதான் சரியில்ல.”

அத்தையே போட்ட பிறகு மற்றவர்கள் குறைப்பார்களா? எல்லோரும் பத்து. வோங்குடையது மூன்றைத் தாண்டவில்லை. நானும் வெட்கமே இல்லாமல் எழுதிக்கொண்டேன்.

முடிவைப் பார்த்த பேராசிரியருக்குச் சந்தேகம். அதே ஆட்களிடம் வோங் தனியாகப் போய்க் கேட்டு வரட்டும் என்றார். வீடு தேடி வந்த விருந்தாளியின் பொருளை எங்கள் ஆட்கள் குறை சொல்வார்களா? கோழி அடித்துச் சாப்பாடு போட்டு, அவன் கைப்பிடிக்கும் பத்து போட்டு அனுப்பிவைத்தார்கள். (என்னுடையது அப்போதும் பத்துதான்.)

வாய்மொழித் தேர்வில் இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்து, இதிலிருந்து என்ன தெரிகிறது என்று கேட்டார்கள். எங்கள் ஆட்கள் நல்லவர்கள் என்று தெரிகிறது என ஆங்கிலத்தில் உளறிவைத்தேன். இறுதியாண்டை மறுபடியும் படித்தேன்.

இன்றும் கல்யாண வீட்டில் யாராவது பாயசத்தைப் புகழ்ந்தால் போதும், “சொந்தக்காரன் மார்க்கு செல்லாதுலா” என்று அத்தை மகன் ஆரம்பித்துவிடுவான். சிரிக்கத்தான் ஆள் குறைந்துவிட்டது. எஸ்டேட்டை விற்றதும் ஆளுக்கொரு திசையாகப் போனோம். அத்தையும் இல்லை.

இப்போது பிறர் ஆய்வுகளை மதிப்பிடுவது என் பிழைப்பு. அண்மையில் ஒரு மாணவி, தான் வடிவமைத்த நாற்காலிக்கு எல்லோருமே முழு மதிப்பெண் போட்டதாக எழுதியிருந்தாள். யார் அவர்கள் என்றேன். சித்தி, பெரியப்பா, மாமா என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். செல்லாது என்று சொல்வது என் வேலை, சொன்னேன். எல்லோரும் பக்கத்துப் பக்கத்து வீடுகளிலா இருக்கிறார்கள் என்றும் கேட்டேன்.

ஆமாம் என்றாள். எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது.