பிழைப் புத்தகத்தில் குடைக்காரர்

குடைக்காரரைக் கேட்காமல் எங்கள் வட்டாரத்தில் ஒரு மேகமும் மழை பெய்ததில்லை. ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே இருந்த அரசு வானொலியின் சிறு நிலையத்தில் அவர் தற்காலிக அறிவிப்பாளர். நான் பொறுப்பு அதிகாரி.

எப்போதும் கையில் குடை இருக்கும். விரித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்தவரிடம், "அப்புறம் குடை எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"விரிச்சுட்டா எவ்வளவு பெய்யுதுன்னு எப்படி சார் தெரியும்?"

சென்னையிலிருந்து வரும் வானிலைக் குறிப்பை அப்படியே வாசிக்க வேண்டும் என்பது விதி. அவர் 'வறண்ட வானிலை நிலவும்' என்பதுவரை வாசிப்பார். "ஒரு நிமிஷம் இருங்க, பாத்துட்டு வந்துடறேன்" என்று மைக்கைத் திறந்தபடியே விட்டு மாடிக்கு ஓடுவார். படியேறும் செருப்புச் சத்தத்தைக் கேட்டபடி மாவட்டமே காத்திருக்கும். மூச்சு வாங்க இறங்கி வந்து, "சூளகிரிப் பக்கம் கருத்துக்கிட்டு வருதுங்க. காயப்போட்ட புளியை அள்ளிடுங்க" என்பார். அதையே கன்னடத்திலும் தெலுங்கிலும் ஒருமுறை சொல்வார். அதற்கும் அனுமதி கிடையாது.

எழுதிக் கொடுத்ததிலிருந்து எது விலகினாலும் பிழைப் புத்தகத்தில் பதிய வேண்டும். பதிந்தேன். 'ஒலி இல்லை, இரண்டு நிமிடம்.' 'அனுமதியற்ற மொழி.' மழை பெய்ததா என்று எழுத அதில் கட்டம் இல்லை. பெரும்பாலும் பெய்தது.

விதிக்காக மட்டும் எழுதினேன் என்றால் பொய். ஒருநாள் காவேரிப்பட்டினத்திலிருந்து ஒரு விவசாயி மாம்பழக் கூடையோடு வந்தார்.

"குடைக்காரரு இருக்காருங்களா?"

"நான்தான் இந்த நிலையத்துக்கே அதிகாரி."

"இருக்கட்டுங்க. அவரு எப்ப வருவாரு?"

அன்று மட்டும் மூன்று பிழை பதிந்தேன்.

பிறகு டெல்லியில் வானொலியைச் சீரமைக்கக் கிளம்பினார்கள். எந்த நிலையம் சொந்தமாகப் பேசலாம், எது சென்னை ஒலிபரப்பை வாங்கி அனுப்பினால் போதும் என்று முடிவு செய்ய அங்கிருந்து ஒரு தமிழ் அதிகாரி வந்தார். என் புத்தகத்தைப் புரட்டியவருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"இதெல்லாம் நிஜமாவே பிழையா சார்? இல்ல, ஜனங்களுக்குப் பிரயோஜனமா இருந்துச்சா?"

ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. பக்கத்துக்குப் பக்கம் என் கையெழுத்து.

"பிழைதான்" என்றேன்.

உள்ளூர் நிகழ்ச்சிகள் நின்றன. குடைக்காரர் கடைசி நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்காக எவ்வளவு வாதாடியிருப்பீங்க! விடுங்க சார்" என்றார். நான் தலையாட்டினேன். என் வாழ்க்கையிலேயே கேவலமான தலையாட்டல் அதுதான்.

இப்போது அவர் ஒரு தொழிற்சாலை வாசலில் காவல் வேலை பார்க்கிறார். நேயர்களில் மிஞ்சியது நான் ஒருவன். மழைக்காலத்தில் போன் வரும். "சார், மாடில துணி கெடந்தா எடுத்துடுங்க." வானம் வெளுத்துக் கிடந்தாலும் போய் எடுத்துவிடுவேன்.

இந்தப் பத்திரிகையை அவர் வாரம் தவறாமல் வாசிப்பவர். இதைப் படித்த பிறகு போன் வராமல் போகலாம். அதனால் நேற்றிலிருந்து நானே மாடிக்குப் போய்ச் சூளகிரிப் பக்கம் பார்த்துப் பழகுகிறேன். மேகம் தெரிகிறது. மழைதான் தெரியமாட்டேன் என்கிறது.